வால்தா

“அந்த வீட்டுலேர்ந்து என்ன கொண்டுவந்த?” என்று லல்லா யம்னா கேட்டாள். மிலூத்துக்கு வாழ்க்கைப்பட்டு, சாஃபி துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருந்த அந்த வீட்டுக்குள் மஜ்தா நுழைந்த முதல் நாள் அது. மாமியார் கேட்டது சாமான்களைப் பற்றித்தான். பதினேழு வயதில் ஒரு தச்சனுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு, பிள்ளை இல்லை என்று நாலு வருஷத்தில் திருப்பி அனுப்பப்பட்டவள் கையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை. இரண்டு கம்பளிகள், ஒரு தேநீர்த் தட்டு, மூக்கு நெளிந்த ஒரு கெண்டி என்று மஜ்தா தரையைப் பார்த்தபடி சொன்னாள். லல்லா யம்னா கம்பளியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். “பூச்சி கீச்சி இல்லையே?” என்றாள். இல்லை என்று சொன்ன பிறகும் அவை மொட்டைமாடிக் கயிற்றில் மூன்று நாள் கிடந்து காய்ந்தன. அக்கம்பக்கத்து மாடிகளிலிருந்து பெண்கள் அவற்றைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு எவ்வளவோ ஆகிவிட்டது. மகள் ஹிபாவுக்கு ஒன்பது வயதாகிறது. மலடி என்று அனுப்பப்பட்டவள் பிள்ளை பெற்றதில் லல்லா யம்னாவுக்கே ஒரு பெருமை உண்டு. தச்சன் வீட்டாரைப் பற்றிப் பேச்சு வந்தால், “குத்தம் மரத்துல இல்ல, உளியில” என்று சொல்லிச் சிரிப்பாள். கம்பளிகள் மற்ற கம்பளிகளோடு கலந்துபோயின. முதல் நாள் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டார்கள், மஜ்தாவைத் தவிர.

மத்தி மீனுக்கு ஓய்வு விடும் குளிர்காலம் அது. படகுகள் துறைமுகத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தன. வருஷத்தில் பாதியைத் தெற்கே தாக்லா பக்கம் கடலில் கழிக்கும் மிலூத் வீட்டில் இருந்தான். தொழிற்சாலையில் மட்டும் உறைய வைத்த மீனைக் கொண்டு வேலை நடந்தது. மஜ்தா அங்கே மீனுக்குத் தலை எடுக்கிறவள். அன்று சாயங்காலம் அவள் வந்து, விரல்களில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மிலூத் சமையலறை வாசலில் வந்து நின்றான். அவன் அப்படி வந்து நிற்கிறவன் இல்லை.

“சுகாதார நிலையத்துலேர்ந்து போன் வந்துச்சு,” என்றான் தணிந்த குரலில். “மருத்துவச்சியம்மா பேசுனாங்க. மொதல்ல உன்னக் கேட்டாங்க. வேலைக்குப் போயிருக்கா, நான் அவ வீட்டுக்காரன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சக் காணோம். அப்புறம் மெதுவா சொல்றாங்க, வால்தாவுல ஏதோ தெரியுதாம். வியாழக்கிழம பெரிய ஆஸ்பத்திரில காட்டணுமாம். தள்ளிப்போடக் கூடாதாம்.”

பெற்ற தாயை மரியாதையாகக் குறிப்பிட அந்த ஊர்ப் பேச்சில் இருக்கும் சொல் வால்தா. பெண்ணின் அடிவயிற்றில் இருக்கும் கருப்பைக்கும் அதே சொல்தான். பெண்கள் தங்களுக்குள் பேசும்போது ஒன்றும் குழப்பம் வராது. ஒரு ஆண்பிள்ளையிடம் அதைச் சொல்ல நேர்ந்த மருத்துவச்சி நஜாத் கூச்சத்தில் ‘உங்க மனைவியோட’ என்ற சொல்லை விழுங்கியிருக்க வேண்டும். மிலூத்துக்கு வால்தா என்றால் உலகத்தில் ஒருத்திதான்.

“போன வாரம் சக்கர பாக்க அம்மாவ நீதான கூட்டிட்டுப் போன? ரத்தத்துல என்னத்தக் கண்டாங்க?” என்றான். அவன் கண் ஓரம் ஈரமாக இருந்தது.

மஜ்தாவின் கையிலிருந்த தோல் தொட்டியில் விழுந்தது. இலையுதிர் காலத்தில் பெண்களைப் பரிசோதிக்கத் தொழிற்சாலை முற்றத்துக்குச் சுகாதார நிலையத்தின் வெள்ளை வேன் வந்திருந்தது. முப்பது வயது தாண்டியவர்கள் வரிசையில் நின்றார்கள். பக்கத்து மேசை ஸாதியா, “நாம மீனுக்குத் தலைய எடுக்கறோம், இவங்க நமக்கு வால எடுக்க வந்திருக்காங்க” என்று சொல்ல, வரிசையே குலுங்கியது. சின்னத் தூரிகை ஒன்றை உள்ளே விட்டு எடுத்துக் குப்பியில் போட்டார்கள். போன் எண் கேட்டபோது, தன் போன் வேலை நேரத்தில் பெட்டியில் பூட்டியிருக்கும் என்று மிலூத்தின் எண்ணைக் கொடுத்திருந்தாள்.

அம்மாவுக்கு இல்லை, எனக்கு என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது மாடிப்படியிலிருந்து லல்லா யம்னாவின் குரல் கேட்டது. “எனக்கா?”

அவள் எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ. மிலூத் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் தாங்கியபடி உள்ளே போவதை மஜ்தா பார்த்தாள். காலையில் நஜாத்தைப் பார்த்து என்னவென்று கேட்டுக்கொண்டு சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஒரு இரவுதானே.

நஜாத் குட்டையான, வேகமாகப் பேசுகிற பெண். நடந்ததைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “என் நாக்க அறுக்கணும். ஆம்பளக் குரலக் கேட்டதும் என்ன சொல்றதுன்னே தெரியல. போய்ச் சொல்லிடு மகளே, அம்மாவுக்கு ஒண்ணுமில்லன்னு.”

“எனக்கு என்ன?”

நஜாத் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஒரு கிருமி என்றாள். கல்யாணமான பெண்களில் அது தொடாதவர்கள் குறைவு. முக்கால்வாசிப் பேருக்கு வந்த சுவடு தெரியாமல் போய்விடும். சிலருக்குப் போகாமல் கருப்பையின் வாயிலேயே உட்கார்ந்துவிடும். “உனக்கு உக்காந்திருக்கு. இது புத்துநோய் இல்ல, கேட்டுக்க. புத்தா ஆகறதுக்கு வருஷக்கணக்குல ஆகும். இப்பப் பாத்தா சின்ன வேல. விட்டா பெரிய வேல.”

“எப்படி வந்துச்சு?”

“படுக்கையிலேர்ந்து.”

மஜ்தா தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்களில் மீன் செதில் மினுங்கியது.

“யாருகிட்டேர்ந்துன்னு மட்டும் கேக்காத,” என்றாள் நஜாத். “அத எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. போன வருஷம் வந்ததா இருக்கலாம். பதினஞ்சு வருஷம் தூங்கிட்டு இப்ப முழிச்சதா இருக்கலாம். நான் வேணா உன் வீட்டுக்காரர்கிட்டப் பேசட்டுமா?”

“வேண்டாம்,” என்று மஜ்தா உடனே சொன்னாள்.

தொழிற்சாலைக்குப் போகும் வழியெல்லாம் அவள் அந்தப் பேச்சை ஒத்திகை பார்த்தாள். எனக்குத்தான் என்று சொல்வாள். என்ன என்று மிலூத் கேட்பான். கிருமி என்பாள். எப்படி வந்தது என்பான். அந்த இடத்தில் இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்றைத் திறந்தால் தெற்கே தாக்லாவில் படகு கட்டிக் கிடக்கும் மாதங்கள். அதை அவள் வாயால் சொன்னால், புருஷன் மேல் பழி போடுகிறவள் ஆவாள். இன்னொன்றைத் திறந்தால் தச்சனின் வீடு. திறக்கவே வேண்டாம், எல்லோரும் தாமாகவே அந்தக் கதவைத்தான் தள்ளுவார்கள். அந்த வீட்டிலிருந்து என்ன கொண்டுவந்தாய்? கம்பளியில் பூச்சி இல்லை என்று அன்றைக்கு எவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள். இன்றைக்கு அவளுக்கே தெரியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கோபப்படுவதற்குக்கூட யாருடைய முகமும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கூடம் நிறையப் பெண்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வழக்கப்படி ஆளுக்கொரு சர்க்கரைக் கூம்பு கொண்டுவந்திருந்தார்கள். ஊதாக் காகிதம் சுற்றிய வெள்ளைக் கூம்புகள் சுவரோரம் வரிசையாக நின்றன. லல்லா யம்னா ஆறு வருஷமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவள். “என்னக் கொல்ல நோய் வேணாம், நீங்களே போதும்டி” என்று அவள் தலையணையில் சாய்ந்தபடி சொல்ல, வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள்.

மஜ்தா சுத்தியலால் சர்க்கரைக் கூம்பை உடைத்து உடைத்துத் தேநீர் போட்டாள். அடுத்த நாளும் போட்டாள். ஒருத்தி அவள் கன்னத்தைத் தட்டி, “மாமியாருக்கு ஒண்ணுன்னதும் பாரு, உன் முகத்துல ரத்தமே இல்ல. மருமகள்னா இவதான்” என்றாள். மிலூத் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டான். தெற்கே போகும் முதல் படகுக்குப் பேர் கொடுக்கவில்லை, வால்தாவுக்குச் சரியாகும்வரை போகமாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். மஜ்தா பிரசவித்தபோதுகூட அவன் கடலில்தான் இருந்தான். அவனைப் பார்க்க அவளுக்கு ஆசையாகவும் எரிச்சலாகவும் இருந்தது. தனக்கு வர வேண்டிய அனுதாபம் முழுவதும் தன் கண்ணெதிரே வேறொருத்திக்குப் பரிமாறப்படுவதை, தட்டைப் பிடித்துக்கொண்டு அவளே பரிமாறினாள்.

நாள் போகப் போகச் சொல்வது கடினமாகிக்கொண்டு வந்தது. சர்க்கரைக் கூம்பு ஒன்று கூடும்போதெல்லாம் அவள் பொய்யும் ஒரு கூம்பு உயர்ந்தது. சொல்லாமலே இருந்துவிடலாம் என்றால் வியாழக்கிழமை அவளுடைய பேரைத்தான் கூப்பிடுவார்கள். போகாமல் இருந்துவிடலாம் என்றால் உள்ளே அது உட்கார்ந்திருக்கிறது.

புதன்கிழமை மத்தியானம் லல்லா யம்னா ஹம்மாம் என்ற பொதுக் குளியல்கூடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். “நாளைக்கு யார் யாரோ பாக்கப் போறாங்க. அழுக்கோட போக முடியாது.”

உள்ளறையில் ஆவி தரை வரைக்கும் இறங்கி நின்றது. மூலையில் யாரோ ஒருத்தி மட்டும் சுவரைப் பார்த்து முடி அலசிக்கொண்டிருந்தாள். மஜ்தா கறுப்புச் சோப்பைப் பூசி, சொரசொரப்பான கையுறையைப் போட்டுக்கொண்டு மாமியாரின் முதுகைத் தேய்த்தாள். சாம்பல் நிறத்தில் அழுக்கு திரிதிரியாக உருண்டு வந்தது. வெளியே மனிதர்களை அதட்டுகிற அந்த உடம்பு இங்கே இவ்வளவு சின்னதாக இருந்தது.

“மஜ்தா.”

“சொல்லுங்க லல்லா.”

“கீழேயும் பாப்பாங்களோ?”

கையுறை நின்றது.

“மிலூத்தப் பெத்ததுக்கப்புறம் யாரும் அங்க பாத்ததில்ல,” என்றாள் லல்லா யம்னா, தண்ணீர் வாளியிடம் சொல்வதுபோல. “ஸாதியாவோட அம்மா சொல்றா, வால்தாவுலன்னு போன்ல சொன்னா அது அந்த வால்தாவாக்கூட இருக்கலாமாம். ரெண்டு நாளா தூக்கம் இல்ல மகளே. சாகறதப் பத்தி இல்ல. பையன் வெளிய நிக்கையில உள்ள கால விரிச்சிட்டுப் படுக்கணுமேன்னு.”

மஜ்தா கையுறையைக் கழற்றினாள்.

“அது நீங்க இல்ல லல்லா,” என்றாள். “அது நான்.”

முழுவதையும் சொன்னாள். வேன், தூரிகை, நஜாத், கிருமி, படுக்கை. தண்ணீர் விழும் சத்தத்தில் சில சொற்களை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. லல்லா யம்னா திரும்பவில்லை. முதலில் அவள் முதுகு தளர்ந்தது. நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. சாவிலிருந்து விடுபட்ட மூச்சு அது. அதை மருமகள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் முதுகு மறுபடி நிமிர்ந்தது.

“அந்த வீட்டுலேர்ந்து வந்ததா?” என்று கேட்டாள்.

“தெரியாதுன்னு சொல்றாங்க. யாராலயும் சொல்ல முடியாதாம்.”

“நீ என்ன நெனைக்கிற?”

மஜ்தா கையிலிருந்த கையுறையைப் பிழிந்தாள். லல்லா யம்னா குவளையில் தண்ணீர் மொண்டு தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டாள். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் பேசினாள்.

“அவங்கப்பாவும் தெக்கதான் போனாரு. நான் ஒருநாளும் கேட்டதில்ல. கேட்டுருந்தா ஒரு பதில் வந்திருக்கும், அத வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ணியிருப்பேன்?” பிறகு குரல் தாழ்ந்தது. “இங்க பாரு. வெளிய தெரிஞ்சா, நீ அந்த வீட்டுலேர்ந்து கொண்டுவந்ததுன்னுதான் பேசுவாங்க. நானும் அதத்தான் சொல்லுவேன். மனசுக்குள்ள என்ன நெனச்சாலும் வாய் அதத்தான் சொல்லும். அவன் என் புள்ள.”

“தெரியும் லல்லா.”

“அதனால நான் சொல்றதுக்கு வழி வெக்காத. நாளைக்கு நான்தான் நோயாளி. உன்னக் கூப்புட்டா ரெண்டு பேரும் உள்ள போவோம். அவங்க பண்றத உனக்குப் பண்ணட்டும். வெளிய வந்து நான் முனகறேன். அவன்கிட்ட இது போகக் கூடாது. நாளைக்கும் இல்ல, நான் செத்தப்புறமும் இல்ல.”

அது கருணையா, பூட்டா என்று மஜ்தாவுக்குப் புரியவில்லை. கையுறையை மறுபடி போட்டுக்கொண்டு மிச்சமிருந்த முதுகைத் தேய்த்தாள். வெளியே வந்து துண்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது லல்லா யம்னா அவளுக்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் உரித்துக் கொடுத்த முதல் பழம். மஜ்தா சுளை சுளையாகத் தின்று தீர்த்தாள். வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவள் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் நடைபாதையில் மரப்பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். ஆண்கள் அதற்கு மேல் போகக்கூடாது. லல்லா யம்னா தன் பழுப்பு ஜெல்லாபா அங்கியை எல்லோரும் பார்க்கக் கழற்றி மகனிடம் கொடுத்தாள். அவன் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டான். தாதி கதவைத் திறந்து, “மஜ்தா” என்றாள்.

மிலூத் நிமிர்ந்து பார்த்தான்.

“கூட வர்றவ பேரத்தான் எழுதிருக்காங்க போல,” என்று லல்லா யம்னா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “எனக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதே. வா மகளே.”

உள்ளே வினிகர் வாசனை அடித்தது. தொழிற்சாலையில் மீன் ஊறும் தொட்டியின் வாசனை. டாக்டர் இளம்பெண், மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஒரு பெரிய பூதக்கண்ணாடி மாட்டியிருந்தாள். வினிகர் தடவினால் கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெளுத்துக் காட்டும் என்றாள். மஜ்தா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தலைமாட்டில் லல்லா யம்னா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெளுத்தது. ஒரு துண்டு எடுத்து ஆய்வகத்துக்கு வைத்தார்கள். மிச்ச இடத்தை ஒரு சூட்டுக் கருவியால் அழுத்தினார்கள். அடிவயிற்றில் யாரோ பிடித்து முறுக்குவதுபோல் வலி எழுந்தது. மஜ்தா கையை நீட்டியபோது பிடித்துக்கொள்ள மாமியாரின் முட்டிதான் கிடைத்தது. அந்த முட்டி விலகவில்லை.

“என் கண்ணுக்குப் புத்து மாதிரி தெரியல,” என்றாள் டாக்டர். “மூணு வாரத்துல துண்டோட முடிவு வந்துடும். அவசியம் வரணும். யாராவது தடுத்தாலும் வரணும்.”

வெளியே வரும்போது லல்லா யம்னா மருமகளின் தோளில் முழுப் பாரத்தையும் போட்டுக்கொண்டு நொண்டினாள். அடிவயிறு கொக்கி போட்டு இழுக்க, மஜ்தா அவளைத் தாங்கிக்கொண்டு நடந்தாள். மிலூத் ஓடிவந்து அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்தான். மஜ்தாவுக்கு இடம் இல்லை. சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் நெற்றி வியர்த்திருந்ததை அவன் பார்த்தான். “நீயும் பயந்துட்ட போல” என்று சிரிக்கப் பார்த்தான்.

டாக்டர் கையில் காகிதத்தோடு வெளியே வந்தாள். மிலூத் எழுந்து நின்றான்.

“டாக்டர், வால்தா எப்படி?”

“வால்தா சரியாயிடும், பயப்படாதீங்க. அந்த இடத்த சுட்டு எடுத்தாச்சு.” காகிதத்தை நீட்டினாள். “வீட்டுக்காரர் நீங்கதான? ஒரு மாசத்துக்குச் சேந்து படுக்காதீங்க. புண் ஆறணும்.”

மிலூத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நான் மகன் டாக்டர்,” என்றான், பெஞ்சில் இருந்த அம்மாவைக் காட்டி.

டாக்டர் கிழவியைப் பார்த்தாள். சுவரோரம் நின்றவளைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள்.

“அப்போ மஜ்தாவோட வீட்டுக்காரர் யாரு?”

லல்லா யம்னாவின் முனகல் பாதியில் நின்றது.

“நான்தான்,” என்றான் மிலூத்.

அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்த பிறகுதான் அதன் அர்த்தம் அவனுக்கு வந்து சேர்ந்தது. மஜ்தா அதைப் பார்த்தாள். போன் வந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக அவன் முகத்தில் திரும்பி ஓடியது. அவன் முதலில் பார்த்தது அவளை அல்ல, அம்மாவை. லல்லா யம்னா பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனாள். பிறகு அவன் மஜ்தாவைப் பார்த்தான். அந்தக் கண்களில் இருந்தது கேள்வியா, பதிலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டுவிடேன் என்று நினைத்தாள். என்ன கொண்டுவந்தாய் என்று நீயும் கேள். நானும் ஒரு தடவை உன்னிடம் கேட்கிறேன்.

டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மிலூத் இன்னும் கையில் ஜெல்லாபாவைப் பிடித்திருந்தான். அதைப் பெஞ்சில், அம்மாவுக்கும் சுவரோரம் நின்றவளுக்கும் நடுவில், மடிப்புக் கலையாமல் வைத்தான். அதன்மேல் காகிதத்தை வைத்தான். நடைபாதையின் கோடியிலிருந்த கதவைத் தள்ளினான். துறைமுகக் காற்று ஒரு வீச்சு உள்ளே வந்தது. கதவு அவனுக்குப் பின்னால் இரண்டு மூன்று முறை ஆடி நின்றது. காற்றில் எழும்பிய காகிதம் அங்கியின் மடிப்பில் சிக்கிப் படபடத்துக்கொண்டிருந்தது. அதை எடுக்க இரண்டு பெண்களும் கை நீட்டவில்லை.